முதல் தட்டு

எங்கள் மீனவக் குப்பத்தில் நெருங்கியவர்களுக்குள் யாரும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் சண்டை வரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் இறால் தொக்கு கொடுத்தாள். நாலெழுத்து படித்தவள் என்ற நினைப்பில் "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாமே, இனிமே குடுக்காதனு சொல்றியா?" என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தைக்கூட வாங்காமல் போய்விட்டாள். பஸ்ஸில் இடம் கொடுத்தவருக்குச் சொல்லலாம், ஆஸ்பத்திரியில் வழி காட்டியவருக்குச் சொல்லலாம். கூட இருப்பவர்களுக்குச் சொன்னால், உறவை முடித்துக்கொள்வதாக அர்த்தம்.

எனக்கு இது சௌகரியமாகவே இருந்தது. எனக்கு வாய் நீளம். ஆனால் நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அது அப்படியே கட்டிக்கொள்ளும். இந்த வருஷப் பொங்கலுக்கு அந்த வாயைத் திறக்க வேண்டிவந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வயல்காரக் குடும்பத்துப் பெண். பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவில் எங்கள் ஊர். அம்மா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நெல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது. எனக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய்விட்டு வளர்த்தது என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன்தான். கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில், டீசல் மெக்கானிக் படிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு மீனவப் பையனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்த அன்று நைனா, "எனக்குப் பையன் மட்டுந்தான் பொறந்தான்னு நெனச்சிக்கிறேன்" என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நைனா பேசியதைக் காலப்போக்கில் மன்னித்துவிட்டேன். அண்ணன் பேசாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பல வருஷம் கழித்து நைனா இறந்தபோது போனேன். யாரும் விரட்டவில்லை, யாரும் உள்ளே வா என்று கூப்பிடவுமில்லை. அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசிப் பஸ்ஸுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டேன்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். கல்யாணமான பெண்ணுக்குத் தை பிறப்பதற்கு முன்னால் தாய்வீட்டுச் சீர் வர வேண்டும். புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை. பணக்காரி, ஏழை எல்லாருக்கும் வரும், அளவுதான் வேறு. நான் இங்கே வந்த முதல் போகியன்று தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, "உங்க வூட்லேர்ந்து இன்னா வந்துச்சு?" என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன். மறுநாள் எல்லார் வாசலிலும் புதுப் பானை பொங்கியது. நான் சோறு வடிக்கிற அலுமினியக் குண்டானில் பொங்கல் வைத்தேன். மாமியார் நல்ல மனுஷி, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வருஷப் போகியன்று சாயங்காலம் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். என் வீட்டுக்காரரோடு பழவேற்காடு ஏரியில் ஒரே படகில், ஒரே வலையில் தொழில் செய்கிற கூட்டாளி. எங்கள் தெருவின் கடைசி வீடு. தோளில் கரும்பு, தலையில் பானை. பானைக்குள் அரிசியும் வெல்லமும் இருந்தன. பானை வாயில், வாழையிலையில் சுற்றிய இரண்டு பெரிய மடவை மீன்கள் வாலை நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணன் வூட்டு சீரு. உள்ள எடுத்து வெய்யி தங்கச்சி" என்றார்.

நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ ஆத்திரம். நான் பிறந்த பக்கத்தில் பொங்கல் பானையை மஞ்சள் தண்ணீரில் கழுவாமல் தொடக்கூட மாட்டார்கள். "சீர்ப் பானையில யாராவது மீன் வைப்பாங்களா?" என்று கத்தினேன்.

அவர் சத்தியமாகப் புரியாமல் பார்த்தார். "இன்னா தப்பு? ஊட்டுல இருக்கிறதுல நல்லதத்தானே அண்ணன் எடுத்தாந்து குடுப்பான்? ஏரில இன்னிக்கு மாட்னதுலயே இதான் பெருசு."

பானையை மூன்று தரம் கழுவினேன். அப்படியும் அந்த வருஷப் பொங்கலில் மடவை வாசனை அடித்தது என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக் கேலி செய்கிறார். அடுத்த வருஷத்திலிருந்து மீன் தனிப் பையில் வந்தது. ஆனால் சீர் ஒரு வருஷமும் தவறவில்லை. புயல் அடித்த வருஷமும் வந்தது. முகத்துவாரம் மண் மூடி, ஏரியில் இறாலே இல்லாமல் போன வருஷமும் வந்தது. மகள் பிறந்தாள், அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். அவள் வயசுக்கு வந்தபோது தாய்மாமனாக நின்று ஓலையில் குச்சு கட்டியது அவர். போன ஆவணியில் அவள் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். நான் பாட்டுக்கு அண்ணா, அண்ணி என்று அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன், சண்டை போட்டேன், கோபித்துக்கொண்டு வந்தேன், மறுபடி போய்ச் சாப்பிட்டேன்.

இரண்டு பேரையும் அண்ணன் என்றே எழுதினால் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரும். உடன்பிறந்தவரை வயல் அண்ணன் என்றும், இவரை ஏரி அண்ணன் என்றும் வைத்துக்கொள்கிறேன். அண்ணி என்றால் ஏரி அண்ணனின் மனைவி. எனக்கு வேறு அண்ணி பழக்கமில்லை.

மார்கழி பாதியில் ஒருநாள் போன் வந்தது. தெரியாத எண். "பாப்பா" என்றது குரல். உலகத்தில் ஒரே ஒருவர்தான் என்னை அப்படிக் கூப்பிட்டவர். எனக்குக் கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒன் பொண்ணுக்குத் தலைப்பொங்கலாமே" என்றார் வயல் அண்ணன். "தாய்மாமன் சீரு நான் எடுத்தாரேன்."

"கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். வரலியே?"

"வரல."

"இப்ப மட்டும் எதுக்கு?"

"எதுக்குனு கேக்காத பாப்பா. வரணும்னு தோணுச்சு. பதில் யோசிச்சு சொல்லு."

யோசிக்க நிறைய இருந்தது. மகளை ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். தலைப்பொங்கல் சீர் போகும்போது, பெற்றவர்கள் தட்டுக்கு முன்னால் தாய்மாமன் தட்டு போக வேண்டும். அதை முதல் தட்டு என்போம். அது வாசல் தாண்டிய பிறகுதான் மற்றதெல்லாம் தாண்டும். முதல் தட்டை இரண்டு பேர் தூக்க முடியாது. எடுத்துக்கொண்டு போகிறவர்தான் தாய்மாமன் என்று அந்த ஊர் எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்கு மகளுக்குக் குழந்தை பிறந்தால் சேதி முதலில் போவது அந்தத் தாய்மாமன் வீட்டுக்குத்தான்.

வயல் அண்ணனை வேண்டாம் என்றால், இருபத்தைந்து வருஷம் கழித்து நீண்ட கையைத் தட்டிவிட்டதாக ஆகும். இனி அந்தக் கை நீளாது. அவரை வா என்றால், இத்தனை வருஷம் பானை சுமந்தவரை ஓரமாக நில் என்று சொல்ல வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது எனக்காகவே சொன்னது போல இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் நல்லவங்கதான்" என்றார். அவரிடம் எது கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும்.

ஏரி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுக் கால்களைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நல்ல சேதிதானே தங்கச்சி. சொந்த ரத்தம். அவரே எடுத்துக்கினு போவட்டும். நான் படகு ஓட்றேன்."

"அவ்வளவுதானா?"

"வேற இன்னா? தாய்மாமன் இல்லாதப்போ நான் நின்னேன். இப்போதான் வந்துட்டாரே."

அவர் அப்படிப் பெருந்தன்மையாக நகர்ந்துகொண்டதைப் பார்த்து எனக்குத்தான் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற உறவா இது? கேட்க வாயெடுத்தபோது உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் என் கோபம் அடங்கிவிட்டது. அவளுடையது பெரிய கோபம்.

"இவுருக்கு இன்னா, சொல்லிட்டாரு. என்னிய ஒரு வார்த்த கேட்டாரா?" என்று அவரைக் காட்டிக் கத்தினாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மூலையில் சேலையால் மூடி வைத்திருந்ததைத் திறந்து காட்டினாள். பித்தளைப் பானை. எங்கள் தெருவில் யாரும் சீருக்குப் பித்தளை வைத்ததில்லை. அதன் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு வேட்டி, மகளுக்குப் பட்டு, தட்டுக்கு விரிக்கிற துணிகூட ஜரிகை வைத்தது.

"எனக்கு ரெண்டும் பசங்க. எந்தப் பொண்ணுக்கு நான் தலைப்பொங்கல் சீரு எடுத்துக்கினு போறது? இவ பொறந்ததுலேர்ந்து இதுக்குத்தான் பாத்துனு இருந்தேன்."

பட்டை மறுபடி மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒனக்குத் தெரியாது. மொத வருசம் நீ அலுமினியக் குண்டான்ல பொங்க வெச்சே பாரு, நான் ஒங்க வாசலாண்டதான் நின்னுனு இருந்தேன். அடுப்புல பொகையே இல்ல. நீ பொகைன்னு சொல்லிக் கண்ணத் தொடச்சிக்கினே. அடுத்த வருசம் இவுரப் புடிச்சு, போய்யா, அந்தப் பொண்ணுக்கு அண்ணனாப் போய் நில்லுயானு அனுப்பினேன். வெக்கப்பட்டுக்கினு தெருமுனை வரைக்கும் போய்ட்டு ரெண்டு தபா திரும்பி வந்துச்சு இந்த ஆளு."

வெளியே நண்டுக் கால் ஒடிகிற சத்தம் நின்றுவிட்டது. ஏரி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இருபத்தைந்து வருஷமாக நான் ஏரி அண்ணனின் சீர் என்றே நினைத்துக்கொண்டிருந்தது அண்ணியின் சீர். பானை தேர்ந்தெடுத்தது அவள். புடவையின் நிறம் பார்த்தது அவள். எனக்கு ஊதா பிடிக்காது என்று தெரிந்து வைத்திருந்தது அவள். மீன் மட்டும்தான் அவருடைய சொந்த யோசனையாம். அண்ணி அன்றே தலையில் அடித்துக்கொண்டாளாம்.

"அந்த மீனு நான் வெக்கலமே" என்று இப்போது சத்தியம் செய்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. அவளுக்கும்தான்.

வீட்டுக்கு வந்து வயல் அண்ணனுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"மொத தட்டு இங்க இருக்கிற அண்ணனுது. நைனா வூடு மூடிக் கெடந்தப்போ எனக்கு அண்ணன் வூடா இருந்தது அவங்கதான். நீங்க வந்தா ரெண்டாவது தட்டு. அதுக்குச் சம்மதம்னா போகி காலைல வாங்க. இல்லனா, எனக்கு வருத்தந்தான், ஆனா மாத்த முடியாது."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

"கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பதமாப் பேசத் தெரிஞ்சிருந்தா ஒங்கள ஏன் கட்டிக்கினு வரேன்" என்றேன்.

அதற்குப் பிறகு வயல் அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. நானும் போடவில்லை. செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சரியாகச் செய்துவிட்டால் வலிக்காது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள், அது பொய். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மார்கழியின் மிச்ச நாளெல்லாம் என் குழம்பில் ஒரு நாள் உப்பு கூடியது, ஒரு நாள் உப்பே இல்லை. போன் அடித்தால் ஓடினேன். பெரும்பாலும் மகள்தான். "தாய்மாமன் சீர் எத்தனை மணிக்கு வரும்னு அத்தை கேக்குறாங்கமா" என்பாள். வரும், வரும் என்பேன். வயல் மாமனைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வராத ஆளைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

போகி விடியற்காலையில் தெருவெல்லாம் புகை. பழைய பாயும் கிழிந்த நைலான் வலையும் சேர்ந்து எரிகிற நாற்றம் ஏரி வரைக்கும் போனது. அன்றைக்கு ஏரியில் எங்கள் பாடு. எங்கள் குப்பத்தில் நல்ல இடத்தில் வலை கட்டுவதற்கு முறை வைத்திருக்கிறோம். அவரவர் முறை வரும் நாளைப் பாடு என்போம். விட்டால் சுற்று முடிந்துதான் மறுபடி வரும். அதுவும் தை அமாவாசைக்கு முன்னால் இறால் ஓடுகிற சமயம். என் வீட்டுக்காரர் முந்தின நாள் அதைப் பற்றி லேசாக இழுத்தார். ஏரி அண்ணன், "பாடு இன்னொரு தபா வரும். தலைப்பொங்கல் இன்னொரு தபா வருமா?" என்று முடித்துவிட்டார்.

படகில் தட்டுகளை ஏற்ற ஆரம்பித்திருந்தோம். அப்போது கரையில் ஒரு மொபெட் வந்து நின்றது. வண்டியைவிட நீளமாக ஒரு கரும்புக் கட்டு. அதற்குப் பின்னால் ஒரு நரைத்த தலை. நான் விட்டுவந்தபோது அண்ணனுக்கு முடி கருகருவென்று இருந்தது. அவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டார். வேட்டியைச் சரிசெய்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ரெண்டாவது தட்டு எது?" என்று கேட்டார்.

அண்ணிதான் அடுத்த தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இந்தாங்க. கரும்ப அவுத்து இப்படி வைங்க. படகுல குறுக்கால வெச்சாதான் நிக்கும்" என்றாள். தினமும் பார்க்கிற ஆளிடம் பேசுவது போலச் சாதாரணமாகப் பேசினாள்.

வயல் அண்ணன் ஏரிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் படகில் ஏறியதில்லை. கால் வைத்ததும் படகு ஆடியது. அவர் முகம் வெளுத்தது. ஏரி அண்ணன் கை நீட்டினார்.

"கையக் குடு பங்காளி. ஒண்ணும் ஆவாது."

பங்காளி என்பது ஒரே குலத்து ஆண்கள் ஒருவரை ஒருவர் சொல்லிக்கொள்கிற முறை. நான் பிறந்த ஊர்ப் பக்கம் அதை இஷ்டத்துக்கு யாரிடமும் சொல்லிவிட முடியாது. நைனா இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே திரும்பி நடந்திருப்பார். வயல் அண்ணன் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார். அக்கரை போகும் வரைக்கும் விடவில்லை. ஏரி அண்ணன் ஒற்றைக் கையால்தான் எஞ்சினை ஓட்டினார்.

அக்கரையில் தண்ணீர் வற்றி, முழங்கால் அளவு சேறு. இப்போது ஏரி அண்ணன், விருந்தாளி விழுந்துவிடப் போகிறாரே என்று பதறினார். வயல் அண்ணன் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். நாற்றங்காலில் நடப்பது போல நேராக நடந்துபோனார். "சேத்துல நடக்க எனக்கு யாரும் சொல்லித்தர வாணாம் பங்காளி" என்றார், திரும்பிப் பார்க்காமல். நாங்கள் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

சம்பந்தி வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஏரி அண்ணனும் அண்ணியும் பித்தளைப் பானை வைத்த முதல் தட்டோடு முன்னால் போனார்கள். ஆரத்தி எடுத்து உள்ளே விட்டார்கள். அடுத்து வயல் அண்ணன். சம்பந்தியம்மாள் அவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"இவரு யாரு?"

"இவரும் என் அண்ணன்தான்" என்றேன்.

"ரெண்டு அண்ணனா? கல்யாணத்துல ஒருத்தரத்தானே பாத்தோம்?"

வயல் அண்ணன் தட்டோடு அப்படியே நின்றார். அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். என் நீளமான வாய் அப்போது பார்த்துக் கட்டிக்கொண்டது. உள்ளே போய்விட்ட அண்ணி படியில் திரும்பி வந்து நின்றாள்.

"மூத்தவருக்கு வயல் வேலை. ஆவணில நடவு நேரம், வுட்டுட்டு வர முடியல. இப்பதான் அறுப்பு முடிஞ்சுது, ஓடியாந்துட்டாரு. வாங்கண்ணா, உள்ள வாங்க" என்றாள்.

சம்பந்தியம்மாள் தலையை ஆட்டி வழி விட்டார். நடவு என்றால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. தன் கனவுச் சீரைப் பறிக்க வந்தவர் என்று அண்ணி கோபப்பட வேண்டிய ஆள் அவர். அந்த ஆளை ஊர் முன்னால் அவள் ஒரு வார்த்தையில் மூத்தவராக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மகள் ஏரி அண்ணன் காலிலும் அண்ணி காலிலும் விழுந்து எழுந்தாள். பிறகு, அதுவரை பார்த்திராத அந்த மனிதரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவர் காலிலும் விழுந்தாள். வயல் அண்ணன் ஆசீர்வாதம் சொல்லத் தெரியாமல் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கடைசியில், "நல்லா சாப்புடு" என்றார்.

மத்தியானம் வீடு திரும்பினோம். அண்ணி எங்கள் அடுக்களையில் சாம்பார் கொதிக்க விட்டுக்கொண்டிருந்தாள். வயல் அண்ணன் மொபெட் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து, யாரும் பார்க்காத மாதிரி என் பக்கத்தில் வைத்தார்.

"இது ஒனக்கு பாப்பா."

பிரித்தேன். கண்ணாடி வளையல்கள், பச்சை நிறம், மேலே பொன் புள்ளி. ஒரு டஜன். ஒன்றை எடுத்துக் கையில் விட்டேன். கட்டைவிரல் முட்டியிலேயே நின்றுவிட்டது.

அவர் குனிந்து பார்த்தார். "சின்னதாப் போச்சா? ரெண்டு நாலு சைசுதானே நீ போடுவே? கடைக்காரன் கேட்டதும் சொல்லிட்டேனே."

என் பத்தொன்பது வயசுக் கைக்கு அதுதான் அளவு. பொன்னேரிக் கடைவீதியில் அவர்தான் எனக்கு வளையல் வாங்கித் தருவார். அதற்குப் பிறகு இந்தக் கை எவ்வளவோ மீன் கழுவி, வலை இழுத்து, ஒரு பிள்ளையைத் தூக்கி வளர்த்துப் பெருத்துவிட்டது. அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த கை அதுதான். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, சத்தமாகவே அழுதேன். அவர் வளையல்களைத் திரும்ப எடுத்துச் சுற்றப் பார்த்தார். "மாத்திக்கினு வரேன் பாப்பா, மாத்திக்கினு வரேன்" என்றார்.

அண்ணி ஈரக்கையோடு வந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். சோப்பைத் தண்ணீரில் நனைத்து என் கையெல்லாம் நுரை வர வைத்தாள். என் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் வளையலைத் தள்ளினாள். கத்தினேன். "கத்து, கத்து. அண்ணன் தேடி வாங்கியாந்தது, ஏறாம எங்க போவும்" என்றாள். ஏறியது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது ஏறியது. உடைந்ததைக் குனிந்து பொறுக்கப் போன வயல் அண்ணனை, "அது ஒடஞ்சது ஒடஞ்சதுதான், வுடுங்க. மிச்சத்த எடுத்து ஒவ்வொண்ணாக் குடுங்க" என்றாள். அவர் எதிரில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் என் கையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். கை சிவந்து வீங்கியிருந்தது.

"ஒரு வாரத்துக்கு நீ மீன் கழுவாத. நான் வந்து கழுவித் தரேன்" என்று சொல்லிவிட்டு, சாம்பாரைப் பார்க்கப் போனாள்.